கொங்கு மண்ணின் காங்கயம் மாடு

காங்கயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதங்களில் அந்தச் செம்மை மங்கி, உடலெங்கும் சாம்பல் நிறம் பரவத் தொடங்கும். அது கிடேரியாக இருந்தால் வளர வளர மேலும் வெளுத்து, வெண்மையாகவோ வெளிர்சாம்பலாகவோ மாறிவிடும். காளையாக இருந்தால் உடலின் நடுப்பகுதி சாம்பலாக நிற்க, தலை, கழுத்து, திமில், தொடைகள் ஆகியவை கருமை கொள்ளும். அதே காளைக்கு ஆண்மை நீக்கம் செய்து அதை எருதாக்கினால் அந்தக் கருமை குறைந்து, எருது பசுவைப் போல் வெளுக்கும். காளையின் கருமைக்குக் காரணம் அதன் உடலில் சுரக்கும் ஆண் இயக்குநீரே. ஒரே விலங்கு தன் வாழ்நாளில் இத்தனை நிறங்களைக் காட்டுவதால், புதிதாகப் பார்ப்பவர்கள் தாயையும் கன்றையும் வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணிவிடுவார்கள். மாடு வளர்ப்போர் இந்நிறங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிவந்தது செவலை, சாம்பல் நிறத்தது மயிலை, கறுத்தது காரி.

இந்த மாட்டினம் தன் பெயரைக் காங்கயம் என்ற ஊரிலிருந்து பெற்றது. தமிழ்நாட்டின் மேற்கே, இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். தாராபுரம், பல்லடம், பெருந்துறை, கரூர் எனச் சுற்றிலும் பரந்து கிடக்கும் கொங்கு நாட்டின் மேட்டு நிலமே இம்மாட்டின் தாயகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு அதிகம் எட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். நெகிரி செம்பிலானின் சுவா போன்ற தோட்டப்புறங்களில் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு மழை பெய்கிறது. சுவாவில் ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் புல் முழங்காலைத் தொடும். காங்கயத்தில் அடுத்த மழை வரும்வரை காய்ந்த புல்லை வைத்தே மாடு காலம் தள்ள வேண்டும். மண்ணோ சரளைக்கற்கள் கலந்த செம்மண். கோடையில் வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே வழக்கமான செய்தி. காங்கயம் மாட்டின் உடலில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தன்மை விளங்கும்.

உலகில் வளர்க்கப்படும் மாடுகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வளர்ந்த திமிலற்ற மாடுகள் ஒரு பிரிவு. அறிவியலார் இவற்றைப் போஸ் டாரஸ் என்பர். கறுப்பும் வெள்ளையுமாகப் பால் விளம்பரங்களில் தோன்றும் ஃபிரீசியன் மாடு இவ்வகையைச் சேர்ந்தது. மற்றது, தோளின்மேல் திமில் உள்ள போஸ் இண்டிகஸ். இதன் முன்னோரை மனிதர் பழக்கியதற்கான மிகப் பழைய சான்றுகள், இன்றைய பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான் பகுதியிலுள்ள மெகர்கர் என்னும் இடத்தில் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகள் பழமையானவை. சிந்துவெளி முத்திரைகளில் கம்பீரமாக நிற்கும் திமில் காளையும் இவ்வழி வந்ததே. காங்கயம், இந்தத் திமில் மாடுகளில் ஓர் இனம்.

திமில் என்பது தசையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மேடு. அதற்குள் சூரியனின் ஆற்றலை ஈர்க்கும் நரம்பு ஒன்று இருப்பதாகச் சிலர் பரப்பும் செய்திக்கு அறிவியல் சான்று ஏதும் இல்லை. இம்மாடு வெயிலைத் தாங்குவதற்கான காரணங்கள் வேறு. அதன் தோல் உடலோடு ஒட்டி இறுகாமல் தளர்ந்திருக்கும்; கழுத்தின் கீழே அலைதாடியாகத் தொங்கும். காற்று படும் பரப்பு இதனால் கூடுகிறது. ஐரோப்பிய மாட்டைவிட இதற்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை. வியர்த்து உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள அவை உதவுகின்றன. மயிர் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதோடு வெளிர்நிறமாகவும் இருப்பதால் வெயிலின் ஒரு பகுதி பட்டுத் திரும்பிவிடும். அடியிலுள்ள தோலோ கறுப்பு. வெயிலின் கடுமை சதைவரை சென்று தாக்காமல் அது தடுக்கிறது. உண்ணிக்கடியையும் அதனால் வரும் நோய்களையும் இவ்வின மாடுகள் ஓரளவு நன்றாகவே எதிர்த்து நிற்கும்.

இவை எல்லாத் திமில் மாடுகளுக்கும் பொதுவான பண்புகள். காங்கயத்தை மற்ற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலில் அதன் கொம்பு. அடியில் நன்கு பருத்து, வெளிப்புறமாக விரிந்து, பின்னோக்கி வளைந்து, நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு வட்டம் முழுமை பெறப்போவது போல் தோன்றும். காதுகள் சிறியவை, நுனி கூர்த்து விறைப்பாக நிற்பவை. கண்கள் கருமையானவை, அவற்றைச் சுற்றி மை தீட்டியது போல் ஒரு கரிய வளையம் இருக்கும். அலைதாடி மெல்லியது, மார்புவரை வந்து நின்றுவிடும். கால்கள் உடலோடு ஒப்பிடப் பெரிதும் நீளமில்லாதவை, ஆனால் உறுதியானவை. குளம்புகள் கறுத்துக் கெட்டியாக இருக்கும். முழு வளர்ச்சி பெற்ற பசு சுமார் 350 கிலோவும், காளை 500 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். உலகிலேயே பெரிய மாடு என்று இதைச் சொல்ல முடியாது. நடுத்தர உடலில் மிகுந்த வலிமையை அடக்கியது என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்த வலிமை எதற்காகத் தேவைப்பட்டது? வண்டி, ஏர் என்று பலரும் உடனே சொல்வர். அவற்றைவிடக் கடினமான ஒரு வேலையும் கொங்கு நாட்டில் இருந்தது. ஆறு, ஏரிப் பாசனம் குறைந்த அப்பகுதியில் உழவர்கள் கிணற்றையே நம்பினர். பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகள் அவை. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். அதை மேலே கொண்டுவரக் கவலை இறைத்தார்கள். கிணற்று விளிம்பில் ஒரு கப்பி பொருத்தியிருக்கும். பறி எனப்படும் பெரிய சால், கனத்த வடக்கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கப்படும். கயிற்றின் மறுமுனை மாடுகளின் நுகத்தில் இருக்கும். கிணற்றிலிருந்து விலகிச் செல்லும் சரிவான பாதையில் மாடுகள் இறங்க இறங்கப் பறி மேலே ஏறும். உச்சிக்கு வந்ததும் நீரை வாய்க்காலில் கொட்டும். கயிற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு ஓட்டுபவர் தம் உடல் எடையையும் அந்த இழுப்புக்குக் கொடுப்பார். இதில் வியப்பான பகுதி அடுத்து வருவது. பறி மறுபடி கிணற்றுக்குள் இறங்க வேண்டுமே! அதற்காக மாடுகள் அதே சரிவில் பின்பக்கமாகவே மேடேறி வரும். திரும்பிப் பாராமல், கால் வழுக்காமல், கிணற்று விளிம்புக்குச் சற்று முன்பே சரியாக வந்து நிற்க வேண்டும். விடியும் முன்பே தொடங்கி வெயில் ஏறும்வரை இப்படி எத்தனையோ நடைகள் போகும். உடல் வலிமை மட்டும் உள்ள மாட்டுக்கு இந்த வேலை வராது. ஓட்டுபவரின் குரலுக்குக் கட்டுப்படும் பழக்கமும், பதற்றமின்மையும், சரளையில் தேயாத குளம்பும் வேண்டும். இக்குணங்கள் உள்ள மாடுகளையே தலைமுறை தலைமுறையாக உழவர்கள் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மாட்டுக்குத் தீனி கொடுத்த ஏற்பாடும் இம்மண்ணுக்கே உரியது. அதற்குக் கொரங்காடு என்று பெயர். பயிர் செய்ய முடியாத வறண்ட நிலம் என்று ஒதுக்காமல், அதை மேய்ச்சல் நிலமாகவே வளர்த்தெடுத்த முறை அது. சில ஏக்கர் கொண்ட ஒரு நிலத்தைச் சுற்றி முட்கிளுவை என்னும் முள் செடியை வேலியாக நடுவார்கள். கம்பியும் கல்லும் தேவைப்படாத உயிர்வேலி அது. ஆடுகூட நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்து நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரும். வேர் ஆழமாக இறங்குவதால் மேலே காய்ந்து போனாலும் அப்புல் சாவதில்லை. ஒரு மழை விழுந்ததும் மறுபடி தளிர்க்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். நிழலுக்கு மட்டுமல்ல, கோடையில் புல் தீர்ந்துபோகும் வேளையில் அவற்றின் காய்கள் உதிர்ந்து மாட்டுக்குச் சத்துள்ள தீனியாகும். ஒரு கொரங்காட்டில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்த கொரங்காட்டுக்கு மாற்றிவிடுவர். மாடுகள் இரவு பகலாக அங்கேயே கிடந்து மேயும். மேய்ப்பவர் உடன் நிற்க வேண்டியதில்லை. சாணமும் கோமியமும் அந்த நிலத்துக்கே எருவாகும். புல், மரம், வேலி, மாடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த ஏற்பாடு, இன்று வேளாண்மை ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு படிக்கும் ஒன்று.

நிலமும் வேலையும் இப்படி ஓர் இனத்தை வடிவமைத்தாலும், மனிதரின் தேர்வு இல்லாமல் அது நிலைபெறாது. காங்கயத்தைப் பொறுத்தவரை, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பட்டக்காரராக இருந்த நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரிய மந்தை ஒன்றைக் கவனத்துடன் வளர்த்து, நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்து, இவ்வினத்தின் தரத்தை உயர்த்தினார். தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936ஆம் ஆண்டில் நூல் எழுதிய லிட்டில்வுட் போன்ற அதிகாரிகள் காங்கயத்தைத் தனி இனமாக விவரித்தனர். பட்டக்காரரின் மந்தைக்கு இணையாகச் சிறு உழவர்களின் கண்ணும் வேலை செய்தது. வெள்ளகோவிலுக்கு அருகிலுள்ள கண்ணபுரத்தில் சித்திரை மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் அதைக் காணலாம். வாங்க வருபவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என்று வயதைக் கணக்கிடுவார். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். உடலில் மயிர்ச்சுழிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடுவார். சுழி பார்ப்பது நம்பிக்கையைச் சார்ந்தது. பல்லையும் நடையையும் பார்ப்பது அனுபவ அறிவு. உயரம், கொம்பு, நிறம் ஆகியவற்றில் ஒத்துப்போகும் இரண்டு எருதுகள் ஜோடியாகக் கிடைத்தால், தனித்தனியே வாங்குவதைவிட அதிக விலை கொடுக்கவும் ஆள் இருக்கும். விலையை வாயால் சொல்லாமல், ஒரு துண்டை மேலே போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்துப் பேரம் பேசும் வழக்கம் தமிழ்நாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாக உண்டு.

இந்தச் சந்தைகளில் காங்கயத்துக்கு இருந்த மதிப்பு முழுவதும் ஒரு கேள்வியைச் சார்ந்தே இருந்தது: ‘இது என்ன வேலை செய்யும்?’ கடந்த நூற்றாண்டில் அந்தக் கேள்வி மாறியது.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகள் பெருகின, அவற்றோடு நீரிறைக்கும் மோட்டார்களைச் செய்யும் தொழிலும் அந்நகரில் வளர்ந்தது. நாளடைவில் மின்கம்பி கிராமங்களுக்கும் போய், கிணற்றடிக்கே வந்து சேர்ந்தது. அரை நாள் முழுவதும் இரண்டு மாடுகள் இறைத்த நீரை மோட்டார் சிறிது நேரத்தில் இறைத்தது. கவலை நின்றது. பிறகு டிராக்டர் வந்து ஏரை நிறுத்தியது. லாரி வந்து வண்டியை நிறுத்தியது. மனிதரின் சுமை குறைந்தது என்பதால் இம்மாற்றங்களைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் கயிற்றின்மேல் உட்கார்ந்து கவலை ஓட்டியவர்கள் மோட்டாரை மகிழ்ச்சியோடுதான் வரவேற்றிருப்பார்கள். ஆனால், காளைக்கன்று பிறந்தால் வருமானம் என்று எண்ணிய வீடுகளில், அதே கன்று இப்போது செலவாகத் தோன்றத் தொடங்கியது.

அடுத்து வந்த கேள்வி, ‘எத்தனை லிட்டர்?’ என்பது. காங்கயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் பால் தரும். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பின், கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் பால் வாங்க முன்வந்தன. ஜெர்சி, ஃபிரீசியன் போன்ற அயல்நாட்டு இனங்களின் சினை ஊசி எளிதில் கிடைத்தது. அவ்வாறு பிறந்த கலப்பினப் பசு, காங்கயம் பசுவைப்போல் மூன்று நான்கு மடங்கு பால் கறந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் பால் பணத்தை நம்பியிருந்த குடும்பம் எதை வைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும், இந்த ஒப்பீட்டில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. காங்கயம் பாலுக்காக வளர்க்கப்பட்ட இனமே அன்று. பசுவின் பாலில் பெரும்பங்கு கன்றுக்கே விடப்பட்டது. நல்ல எருது கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். கவலை இழுக்கத் தேர்ந்தெடுத்த மாட்டைப் பால் குவளையை வைத்து அளப்பது, ஓட்டப்பந்தய வீரரை நீச்சல் குளத்தில் இறக்கி மதிப்பெண் போடுவதற்குச் சமம். அதோடு, கலப்பினப் பசுவுக்கு அடர்தீவனமும் பசுந்தீவனமும் நிறைய வேண்டும்; வெயிலும் நோயும் அதை எளிதில் வாட்டும். கொரங்காட்டில் காய்ந்த புல்லைத் தின்று கோடையைக் கடப்பது அதனால் முடியாது.

நாட்டு மாட்டின் பால் மருந்துக்கு நிகரானது என்ற பேச்சும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. இந்திய இன மாடுகளின் பாலில் ஏ2 எனப்படும் புரதவகை மிகுந்திருப்பது உண்மை. ஐரோப்பிய இனங்கள் பலவற்றின் பாலில் ஏ1 வகையும் கலந்திருக்கிறது. ஆனால், ஏ1 புரதத்தால் நீரிழிவு, இதயநோய் போன்றவை வருகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்ந்து கூறியது. காங்கயம் மாட்டைக் காக்க மெய்யான காரணங்களே பல இருக்கும்போது, ஐயத்துக்குரிய ஒன்றை முன்னால் நிறுத்துவது அதற்கு நன்மை செய்யாது.

ஓர் இனத்தின் மதிப்பைப் பிறர் கண்டுகொண்ட கதையும் உண்டு. ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே கப்பலேறிப் பிரேசில் நாட்டுக்குப் போயின. நெல்லூர் மாவட்டத்தின் பெயரால் அங்கே அவை நெல்லோர் எனப்பட்டன. வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் அவற்றின் இயல்பு அந்நாட்டுப் புல்வெளிகளுக்குப் பொருந்திப்போனது. அங்குள்ள வளர்ப்போர் பரம்பரைப் பதிவேடு வைத்து, காளைகளைத் தேர்ந்து, இனத்தைப் பெருக்கினர். இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெல்லோரும் அதன் கலப்பும்தான்.

மலாயாவுக்கும் இந்திய மாடுகள் கடல் கடந்து வந்தன. ஆனால் இங்கே நடந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், தோட்டங்களுக்கும் சாலைப் பணிகளுக்கும் இந்தியத் தொழிலாளர்கள் வந்த காலத்தில், வண்டி இழுக்கவும் பாலுக்காகவும் மாடுகள் இறக்குமதியாயின. அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. தென்னிந்திய மாடுகளோடு வட இந்திய மாடுகளும் வந்தன. நகர்ப்புறங்களில் பால் வியாபாரம் செய்த சீக்கியர்களும் மாடு வளர்த்தனர். இந்த மாடுகள் தோட்டங்களுக்குள் வந்தபின், எந்த இனப் பசுவுக்கு எந்த இனக் காளை என்று பார்க்க வழியில்லை. அருகில் எந்தக் காளை இருந்ததோ அதுவே எல்லாப் பசுக்களுக்கும் பொலிகாளை. சில தலைமுறைகளில் இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இன்று மலேசியக் கால்நடைப் பட்டியலில் அவற்றுக்குக் காங்கயம், ஓங்கோல், அரியானா என்ற பெயர்கள் இல்லை. ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்ற ஒரே பெயர்தான். நாட்டின் பூர்வீக இனமான கெடா-கிளந்தான் மாட்டைவிட இவை உருவில் பெரியவை. திமிலும் அலைதாடியும் தெளிவாகத் தெரியும். கொம்பின் வளைவை வைத்தோ நிறத்தை வைத்தோ இன்ன இனம் என்று சொல்வதுதான் அரிது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்த மாடுகள் தொழிலாளர் குடும்பங்களின் இரண்டாவது வருமானமாக இருந்தன. பால்மரக் காட்டில் வெயில் சற்று உள்ளே விழும். மரங்களுக்கிடையே புல் முளைக்கும். காலையில் மரம் வெட்டிப் பாலெடுத்து முடித்தவர்கள் மாலையில் மாட்டைக் கவனிக்க முடிந்தது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட இடமும் இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. செம்பனைக் கன்றின் இளம் ஓலையை மாடு கடித்துவிடும் என்பதால், புதிதாக நட்ட நிலத்தில் மாட்டை விடுவதைத் தோட்ட நிருவாகங்கள் விரும்புவதில்லை. மரம் வளர்ந்து மட்டைகள் கூடிக்கொண்டால் தரையில் வெளிச்சம் குறைந்து புல்லும் குறையும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான இடங்களில், குடும்பங்கள் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூச அங்கே மாடு இல்லை. இனப்பெயர் முதலிலேயே மறைந்திருந்தது. பின்னர் மாடும் அந்த இடங்களிலிருந்து விலகியது.

இதே நெகிரி செம்பிலானில், ஜெலாய் கெமாஸ் என்னும் இடத்தில் கால்நடைச் சேவைத் துறையின் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே வளர்க்கப்படும் மாஃப்ரிவால் என்னும் கறவை மாடு, ஃபிரீசியனோடு சாகிவால் இனத்தைக் கலந்து மலேசியாவுக்காக உருவாக்கப்பட்டது. சாகிவால், பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த திமில் மாடு. குளிர்நாட்டு மாட்டின் பால் வளமும் வெப்பநாட்டு மாட்டின் தாங்கும் திறனும் ஒன்றுசேர வேண்டும் என்பதே இக்கலப்பின் நோக்கம். கெடா-கிளந்தான் மாட்டைப் பிராமன் மாட்டோடு கலந்து உருவாக்கிய பிராக்மாஸ் இறைச்சி மாடும் இப்படித்தான். பிராமன் அமெரிக்காவில் உருவான இனம் என்றாலும், அதன் மூதாதையர் இந்தியாவிலிருந்து சென்ற திமில் மாடுகளே. இத்தகைய கலப்பினங்களைத் திட்டமிட்டு உருவாக்க, கலப்பதற்கு முன் தெளிவான பண்புகள் கொண்ட தூய இனங்கள் எங்கேனும் இருந்தாக வேண்டும். சாகிவால் இல்லாமல் மாஃப்ரிவால் இல்லை. காங்கயம் போன்ற ஓர் இனம் கலந்து கரைந்துவிட்டால், நாளை வெப்பம் மிகும் காலத்தில் அதன் பண்புகள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள இடமிருக்காது.

தமிழ்நாட்டில் காங்கயத்தைத் தவிர உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய நாட்டு மாடுகளும் உள்ளன. உம்பளச்சேரி காவிரிப் படுகையின் சேற்று வயலில் உழுவதற்கு ஏற்ற குட்டைக்கால் மாடு. பர்கூர், ஈரோடு மாவட்டத்து மலைக்காடுகளில் மேயும் செம்மாடு. ஓர் இனத்தைக் கொண்டுபோய் மற்றதன் நிலத்தில் விட்டால் இரண்டும் தடுமாறும்.

காங்கயம் இனம் நிலைப்பது இப்போது பெரும்பாலும் பொலிகாளைகளைப் பொறுத்திருக்கிறது. பசுவை வைத்திருப்பவருக்குப் பாலும் கன்றும் கிடைக்கும். பொலிகாளையை வைத்திருப்பவருக்கு அது இனவிருத்திக்குப் பயன்படும்போது கிடைக்கும் சிறு தொகையே வருமானம். தீனியோ ஆண்டு முழுவதும் வேண்டும். அதனால் வண்டியும் ஏரும் போன பின்பு, காளைகளை வளர்க்கப் பலருக்கும் இருந்த காரணம் ரேக்ளா வண்டிப் பந்தயமும் சல்லிக்கட்டும்தான். சல்லிக்கட்டில் புலிக்குளம் காளைகளே மிகுதி என்றாலும் காங்கயம் காளைகளும் இறங்குவதுண்டு. 2014ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டுகளைத் தடை செய்தது. காளைகள் துன்புறுத்தப்படுகின்றன, மனித உயிர்களும் போகின்றன என்பது தடை கோரியவர்களின் வாதம். காளை வளர்க்கக் காரணம் இல்லாமல் போனால் நாட்டு இனமே அழியும் என்பது மறுதரப்பின் வாதம். 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடிப் பல நாள்கள் போராடியபோது இந்த இரண்டாவது வாதம் உலகின் காதுக்கு எட்டியது. மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு வாதங்களிலும் உண்மை உண்டு. வாடிவாசலில் நிற்கும் சில நொடிகளுக்காக ஆண்டு முழுவதும் ஒரு காளைக்குத் தீனி போடும் வீடுகள் இருப்பதும், அந்த நொடிகளில் விபத்துகள் நேர்வதும் மறுக்க முடியாதவை.

பந்தயத்தை நம்பாத முயற்சிகளும் நடைபெறுகின்றன. காங்கயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம், மாடு வளர்ப்போரை ஒன்று சேர்க்கிறது. சத்தியமங்கலத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இவ்வினத்துக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. தேர்ந்த காளைகளின் உறைவிந்து சேமிக்கப்பட்டு, சினை ஊசியாக ஊர்களுக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஜெர்சியைக் கொண்டுவந்த அதே ஊசி, இப்போது காங்கயத்தையும் கொண்டுவருகிறது. கொரங்காட்டு நிலங்களோ திருப்பூரின் பனியன் தொழிலோடும் வீட்டுமனை விற்பனையோடும் போட்டியிட வேண்டிய நிலையில் உள்ளன. அவற்றில் எஞ்சியவற்றை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழை பெய்த மறுவாரம் கொழுக்கட்டைப் புல் தளிர்த்ததும், முட்கிளுவை வேலியின் படலைத் திறந்து மாடுகளை உள்ளே விடுகிறார்கள்.